பிள்ளையைப் பார்க்கப் போகிற ஞாயிறு, கம்பஸ் சிற்றாலயத்தில் பூசை காணலாமா?

கேள்வி கேட்டவர் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் ஒரு தகப்பன். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவரும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறார்கள், அதனால் தோட்டத்துக் கோயில் பூசை தவறிப்போகிறது. கம்பஸுக்குள் இருக்கும் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் வெளியாட்கள் போய்ப் பூசை காணலாமா, பூசை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடந்தால் ஞாயிறு கடன், அதாவது ஞாயிறு பூசை காண வேண்டிய கடமை, தீருமா, மகளின் அறைத்தோழி ஒரு இந்துப் பிள்ளை, அவளும் கூட வர ஆசைப்படுகிறாள், கூட்டிப் போகலாமா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். கடைசி வரியில், "படித்தவர்கள் வருகிற இடம், நாங்கள் போய் நின்றால் சரியாக இருக்குமா" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார். எனக்கென்னவோ முதல் மூன்றையும் விட இதுதான் அவருடைய உண்மையான கேள்வி என்று தோன்றுகிறது. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, இதற்குக் கொஞ்சம் நிதானமாக வருகிறேன்.

நான் குருவும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. பேராதனையில் படித்தவள், பிறகு பள்ளியில் படிப்பித்துக்கொண்டே பல வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள், பாட்டுக் குழுவில் நின்றவள். திருச்சபைச் சட்டத்தை மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் படித்ததோடு, பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்காகத் திரும்பத் திரும்பப் புரட்டியும் இருக்கிறேன். எழுத்தில் இருப்பதை எழுத்தில் இருப்பது என்றும், இடத்துக்கு இடம் மாறுவதை மாறும் என்றும் பிரித்தே சொல்கிறேன். திருமணச் சிக்கல், நன்மை (நற்கருணை) வாங்க முடியாத நிலை போன்ற தனிப்பட்ட விஷயங்கள் யாருக்காவது இருந்தால் அதற்கு நான் ஆள் இல்லை, ஒரு குருவானவரிடம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியவை அவை.

முதல் கேள்வி. போகலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பங்குக் கோயிலையும் இந்த மாதிரிச் சிற்றாலயத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பங்குக் கோயில் யாரும் வரலாம் என்ற உரிமையோடு கட்டப்படுவது. சிற்றாலயம் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரின் நன்மைக்காக, அதாவது ஒரு மடத்துச் சகோதரிகள், ஒரு ஆஸ்பத்திரி நோயாளிகள், இங்கே கம்பஸ் பிள்ளைகள் என்று ஒரு கூட்டத்தாருக்காக, ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு வைத்திருப்பது. ஆனால் அதே தொகுப்பின் 1223ஆம் சட்டம், பொறுப்பானவரின் சம்மதத்தோடு மற்ற விசுவாசிகளும் அங்கே வரலாம் என்று சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் இந்தச் சம்மதம் என்பது யாரும் கையெழுத்துப் போட்டுத் தருகிற ஒன்றில்லை. கம்பஸுக்குப் பொறுப்பான ஃபாதர் கதவைத் திறந்து பூசை வைக்கிறார், பெற்றோர் வந்து உட்காருகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளையைப் பார்க்க வந்த தாய் தகப்பனை ஞாயிறு பூசைக்கு வர வேண்டாம் என்று சொன்ன குருவானவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்றையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் அண்ணா. பேராதனை ஒரு அரச பல்கலைக்கழகம், கத்தோலிக்கருடையது இல்லை. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு, ஹந்தானை அடிவாரத்துக்கு வந்தபோது எல்லா மதத்துப் பிள்ளைகளும்தான் வந்தார்கள். குறிஞ்சிக்குமரன் என்ற முருகன் கோயில் அந்த மலையில்தான் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இப்படிக் கத்தோலிக்கம் அல்லாத பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகளையும் அந்த இடத்து ஆயர் கவனிக்க வேண்டும், அதற்கென்று நிலையாகக் குருக்களை வைக்க வேண்டும் என்று 813ஆம் சட்டம் ஆயர்மேல் ஒரு கடமையையே வைக்கிறது. அந்த ஆயர் யார்? கண்டி ஆயர். நோர்வூட்டுக்கு ஆயர் யார்? அவரேதான். கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்று மாவட்டமும் ஒரே மறைமாவட்டம். ஊவாப் பக்கம்தான் 1972இல் பதுளை மறைமாவட்டமாகப் பிரிந்து போனது. உங்கள் தோட்டத்துத் தகரக் கூரைக் கோயிலும் கம்பஸ் சிற்றாலயமும் ஒரே ஆயரின் பொறுப்பு என்னும்போது, நீங்கள் அங்கே போவது யாரோ ஒருவரின் இடத்துக்குப் போவது ஆகாது.

கண்டி ராச்சியத்துக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார், தமிழும் படித்து, 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கீச ஒற்றன் என்று சிறையில் போடப்பட்டார். அங்கே சிறைக்குள்ளேயே ஒரு குடிசைக் கோயில் கட்டித்தான் கண்டியில் தன் வேலையைத் தொடங்கினார். உள்ளே இருக்கிறவர்களுக்காகக் கட்டிய சின்ன இடம் என்பது இந்த மலைநாட்டுக் கத்தோலிக்கருக்குப் புதிதே இல்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார், 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எது மாறும் என்றால் நேரம். பூசை எத்தனை மணிக்கு, சனி பின்னேரமா ஞாயிறு காலையா, எந்த மொழியில் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அடுத்த செமஸ்டரில் பொய்யாகிவிடும். கம்பஸ் சிற்றாலயத்தின் நாட்காட்டி பிள்ளைகளின் நாட்காட்டியோடு ஓடுவது. பரீட்சைக் காலத்தில் நேரம் மாறும். லீவு விட்டால் பூசை இல்லாமலும் போகலாம். ஏதாவது வேலைநிறுத்தம் என்று கம்பஸை மூடி விடுதியைக் காலி பண்ணச் சொன்னால் அன்றைக்குச் சிற்றாலயமும் வெறிச்சோடிவிடும். பங்குக் கோயில் மாதிரி வருடம் முழுக்க ஒரே மணி என்று நம்பி நாவலப்பிட்டி, கம்பளை என்று இரண்டு பஸ் மாறி வந்து பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமையே மகளிடம் சொல்லிக் கத்தோலிக்க மாணவர் குழுவில் விசாரிக்கச் சொல்லுங்கள். முதலாம் வருடப் பிள்ளைக்கு அந்தக் குழுவோடு பழக்கம் ஏற்பட இதுவும் ஒரு சாக்கு.

வாசலில் பாதுகாப்பு ஊழியர் விசாரித்தால் பயப்பட வேண்டியதில்லை. கலஹா வீதி வளாகத்துக்கு நடுவாகப் போகிற பொதுப் பாதைதான், ஆனால் கட்டடங்களுக்குள் போகும்போது கேட்பார்கள். மகளின் பெயர், பீடம், உங்கள் அடையாள அட்டை, இவ்வளவு போதும். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்கக் கோயில் வாசலில் பை பார்ப்பது வழக்கமாகிவிட்டது, நத்தாருக்கும் பெரிய வாரத்துக்கும் அது இன்னும் இறுக்கமாக இருக்கும். மகளுக்கென்று கட்டிக்கொண்டு போகும் சோறு, ஊறுகாய்ப் போத்தல், துணி மூட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பூசைக்குப் போகாமல் முதலில் விடுதியில் கொடுத்துவிட்டுப் போங்கள். சிற்றாலயத்தில் இருக்கைகளுக்கு நடுவே மூட்டை வைக்க இடமிருக்காது.

இரண்டாவது கேள்வி, கடன் தீருமா. தீரும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கத்தோலிக்க முறைப்படி எங்கே நடக்கும் பூசையாக இருந்தாலும், கடன் திருநாள் அன்றோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ அதில் பங்குகொண்டால் கடன் தீர்ந்தது என்று 1248ஆம் சட்டம் சொல்கிறது. எந்த மொழி என்று அது கேட்கவே இல்லை. பிரசங்கம் புரிந்ததா என்றும் கேட்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் நம் பாட்டன் பூட்டனெல்லாம் லத்தீனில் பூசை கண்டவர்கள்தானே, அவர்களில் யாருக்கு லத்தீன் தெரியும்? முந்தின நாள் மாலை என்பதையும் கவனியுங்கள்: ஞாயிறு விடியக் காலையில் பஸ் ஏற வேண்டியிருந்தால், சனி மாலை உங்கள் பக்கத்து டவுன் கோயிலில் ஞாயிறு பூசை இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் கணக்குத்தான்.

ஆனால் கடன் தீர்வது வேறு, மனம் ஒன்றிப் பூசை காண்பது வேறு. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் ஓடுபவை, ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. நோர்வூட்டில் அன்றைக்குத் தமிழில் வாசிக்கிற அதே நற்செய்திப் பகுதிதான் பேராதனையில் சிங்களத்தில் வாசிக்கப்படும். முதல் நாள் இரவே தமிழ் விவிலியத்தில் அந்த மூன்று வாசகத்தையும் பதிலுரைப் பாடலையும் வாசித்துவிடுங்கள், அல்லது மகளைக் கைப்பேசியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், பூசை தொடங்கும் முன்னால் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம். அப்புறம் அவர் என்ன வாசிக்கிறார் என்று தெரிந்தே கேட்பீர்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்கு உடம்பிலேயே ஊறினது. மன்னிப்பு வழிபாட்டுக்கு எல்லாரும் நிற்கும்போது நீங்கள் மனசுக்குள் "ஆண்டவரே இரக்கமாயிரும்" சொல்லுங்கள். முதல் வாசகத்துக்கு உட்காருவார்கள், அல்லேலூயாவுக்கு எழும்புவார்கள், பிரசங்கத்துக்கு உட்காருவார்கள். "தூயவர் தூயவர்" பாடி முடிந்ததும் முழங்காலிட்டால் எழுந்தேற்றம், அதாவது குரு அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும் நேரம், வரப்போகிறது என்று அர்த்தம், மணியும் அடிக்கும். பரலோக மந்திரத்தை அவர்கள் சிங்களத்தில் பாடினால் நீங்கள் வாய்க்குள் தமிழில் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் நம் நாட்டில் கை குலுக்குவது குறைவு, கையைக் கூப்பித் தலையைத் தாழ்த்துவார்கள். பக்கத்தில் நிற்கிற சிங்களப் பிள்ளை உங்களைப் பார்த்துக் கும்பிடுவான், நீங்களும் கும்பிடுங்கள்.

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்வது, மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது, ஏனென்றால் அதில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும். யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்பது விசுவாசியின் விருப்பம் என்று 991ஆம் சட்டம் சொல்கிறது, அதனால் உங்கள் பங்கில் தமிழ்க் குருவானவரிடமே செய்துகொண்டு வாருங்கள். மகளுக்கு வேண்டுமென்றால் கம்பஸ் ஃபாதரிடம் தமிழ் தெரிந்த குருவானவரை ஏற்பாடு செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். கண்டியில் அது பெரிய காரியம் இல்லை, குருக்களைப் பயிற்றுவிக்கிற அம்பிட்டிய தேசிய குருமடம் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

இனி உங்களுடைய கடைசி வரி. "நாங்கள் போய் நின்றால் சரியாக இருக்குமா." அண்ணா, அந்தச் சிற்றாலயத்தில் ஞாயிறு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் உங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள்தான் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை, ஆனால் கொஞ்சம்தான். மன்னாரில் மீன்பிடிக்கிறவர் மகன், சிலாபத்துத் தென்னந்தோட்டத்துப் பிள்ளை, தலவாக்கலை லயத்திலிருந்து வந்தவள், நீர்கொழும்புக் கடைக்காரர் மகள் என்று கலந்துதான் இருப்பார்கள். விரிவுரையாளர்களும் வருவார்கள், அவர்களும் இலவசக் கல்வியில் படித்து வந்தவர்கள். யாருடைய தகப்பன் என்ன வேலை என்று அங்கே நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. ஒருவேளை உங்கள் மகளுக்கே கூச்சமாக இருக்கலாம், முதலாம் வருடத்தில் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் பக்கத்தில் நிற்பதே ஒரு கூச்சம், அது தோட்டம் என்பதால் வருவதில்லை, கொழும்பிலிருந்து காரில் வந்து இறங்கும் பெற்றோரின் பிள்ளையும் இப்படித்தான் நெளிவாள். அவள் நண்பிகளோடு முன்னால் உட்கார விரும்பினால் விட்டுவிடுங்கள். பாட்டுக் குழுவில் நின்றால் இன்னும் நல்லது.

வாசலில் என்ன செய்வது என்பதற்கு ஒரே வழி, கால்களைப் பாருங்கள். நம் தோட்டத்துக் கோயில்களில் செருப்பை வெளியே கழற்றுவோம், டவுன் கோயில்களில் சப்பாத்தோடு உள்ளே போவார்கள். சிற்றாலயங்கள் இரண்டு மாதிரியும் உண்டு. வாசல்படியில் செருப்புகள் கிடந்தால் கழற்றுங்கள், கிடக்காவிட்டால் போட்டுக்கொண்டு போங்கள். பேராதனையில் மழைக்கு நேரம் காலம் கிடையாது, நனைந்த குடைகளைச் சுவர் ஓரமாகச் சாத்தி வைத்திருப்பார்கள், போகும்போது எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும், உங்கள் குடைப்பிடியில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் நற்கருணை வைத்திருக்கும் பேழை எங்கே என்று பார்க்க வேண்டும், எல்லா இடத்திலும் பீடத்துக்கு நடுவில் இருக்காது, பக்கத்தில் தனியாகவும் இருக்கலாம். அருகில் விளக்கு எரிவது அடையாளம். அந்தப் பக்கம் முழங்காலிட்டுவிட்டு உட்காருங்கள்.

உங்கள் மனைவி முக்காடு போடுகிறவர் என்றால் போடட்டும். 1917ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தொகுப்பில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று இருந்தது, 1983இன் தொகுப்பில் அது இல்லை. அதனால் கம்பஸ் பிள்ளைகளில் பலர் முக்காடு இல்லாமல் இருப்பார்கள், உங்கள் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், இரண்டு பேர் செய்வதும் சரி. உடுப்பு பற்றி எழுதி ஒட்டின சட்டம் எதுவும் கிடையாது. தோட்டத்துக் கோயிலுக்கு ஞாயிறு எதைக் கட்டிக்கொண்டு போவீர்களோ அதுவே தாராளம். காலையில் அங்கேயும் குளிரும், ஒரு சுவெட்டர் கையில் இருக்கட்டும்.

நன்மை வாங்குவதைப் பற்றி ஒன்று. தூரத்திலிருந்து வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை என்று 919ஆம் சட்டம் சொல்கிறது. கணக்கு பூசை தொடங்குவதிலிருந்து இல்லை, நன்மை வாங்குவதிலிருந்து. பூசை முக்கால் மணி நேரம் ஓடும் என்றால், கம்பளையில் பஸ் மாறும்போது ஒரு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டதற்காக நீங்கள் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் பஸ்ஸில் வந்து பூசை நடுவே மயங்கி விழ வேண்டும் என்று திருச்சபை எங்கேயும் கேட்கவில்லை. நாவில் வாங்குவதா கையில் வாங்குவதா என்பதற்கு முன்னால் போகிறவர்களைப் பாருங்கள், நாவில் வாங்குவதை யாரும் எங்கேயும் மறுக்க முடியாது.

மூன்றாவது கேள்வி, அந்த இந்துப் பிள்ளை. தாராளமாக வரலாம். மலையகத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் எத்தனை பேர் திருநீறு பூசியவர்கள் என்று உங்களுக்கே தெரியும். பூசையில் அவள் எழும்பி நிற்கிற இடத்தில் நின்று, உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தால் போதும். முழங்காலிடுவதோ சிலுவை போடுவதோ அவளுக்குக் கட்டாயமில்லை, மற்றவர்கள் முழங்காலிடும்போது அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். ஒன்றே ஒன்று, நன்மை வாங்க வரிசையில் போகக் கூடாது. இதை மகள் அவளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பூசை நடுவே காதுக்குள் சொன்னால் பிள்ளைக்கு மனசு நோகும். கோயிலில் பிரசாதம் கொடுக்கும்போது வந்தவர் போனவர் எல்லாருக்கும் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அந்தப் பழக்கத்தில்தான் அவள் கையை நீட்டுவாள், மரியாதைக் குறைவாக இல்லை. நற்கருணை அப்படி இல்லை, ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மைக்குத் தயாராகி, அதைக் கிறிஸ்துவின் உடல் என்று விசுவசித்து வாங்குவது என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால் பதற வேண்டாம், பக்கத்தில் நிற்கும் ஃபாதரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போய் ஆசீர்வாதம் வாங்குவது சில இடங்களில் உண்டு, பூசைப் புத்தகத்தில் அப்படி ஒரு சடங்கு இல்லை, சில குருக்கள் செய்வார்கள், சிலர் விரும்ப மாட்டார்கள். தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பதே நல்லது, பூசை முடிவில் கொடுக்கிற ஆசீர்வாதம் அவளுக்கும் சேர்த்துத்தான். சாம்பல் புதன் சாம்பலும் குருத்து ஞாயிறு ஓலையும் வேறு கதை, அவற்றை அவளும் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒரு வார்த்தை. அவளுடைய தாய் தகப்பனுக்குத் தெரிந்தே வரட்டும். ஒரு பூசை கண்டதால் யாரும் கிறிஸ்தவத்துக்கு மாறிவிடுவதில்லை, ஆனால் மறைத்துச் செய்தால் நாளைக்கு யாரோ ஒருவர் உங்கள் மகள்மேல் பழியைப் போடுவார், இன்றைய நிலைமையில் அது பெரிதாக வெடிக்கும். பதிலுக்கு அவள் உங்கள் மகளைக் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குக் கூப்பிட்டால்? மரியாதையோடு போய்ப் பார்ப்பதில் தடையில்லை, மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாய் இருப்பது எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965இல் அந்த வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. அங்கே அர்ச்சனையில் பங்கெடுப்பது, பிரசாதம் சாப்பிடுவது என்று வரும்போது நம் கத்தோலிக்கக் குருக்களே ஒரே மாதிரிப் பதில் சொல்வதில்லை. என் கருத்து, போகலாம், வழிபாட்டில் கலக்காமல் நிற்கலாம். ஆனால் இதில் என் சொல்லைக் கடைசியாக எடுக்காமல் மகள் கம்பஸ் ஃபாதரிடமே கேட்கட்டும்.

சிற்றாலயத்தில் ஒரு பூசைக் கருத்து (ஒரு வேண்டுதலுக்காகப் பூசை) ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை இருந்தால் ஃபாதரிடம் முன்கூட்டியே கேட்கலாம், பரீட்சைக்கு முன்னால் பெற்றோர் கேட்பது வழக்கம்தான். கையில் காணிக்கை இல்லையே என்று தயங்க வேண்டாம், வசதி இல்லாதவர்களின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலே பூசை வைக்கும்படி சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆனால் ஞானஸ்நானம், கல்யாணம் போன்றவற்றுக்கு அது இடமில்லை, அவை பங்கோடு சேர்ந்தவை, பதிவேடும் பங்கில்தான் இருக்கும். நாலு வருடம் கழித்து மகள் அங்கேதான் கல்யாணம் என்று ஒற்றைக்காலில் நின்றால், முதலில் உங்கள் பங்குத்தந்தையிடம் போக வேண்டும்.

நீங்கள் போகிற ஞாயிறு சிற்றாலயத்தில் பூசை இல்லை என்றால் கண்டிக்குப் போய்விடுங்கள், பஸ்ஸில் கிட்டத்தான். அங்கே ஒரு கவனம். தலதா மாளிகையை ஒட்டி நிற்கிற பழைய செங்கல் கோயிலைப் பார்த்ததும் பலரும் அதுதான் நம்முடையது என்று நுழைந்துவிடுவார்கள். அது புனித பவுல் ஆலயம், அங்கிலிக்கன் சபையாருடையது. பீடமும் அங்கியும் பாட்டும் நம்முடையது போலவே இருப்பதால் கடைசி வரை வித்தியாசம் தெரியாமலே நன்மை வரிசையில் போய் நின்றுவிடவும் கூடும். மரியாதையாக உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வரலாம், ஆனால் நம் ஞாயிறு கடன் அங்கே தீராது, நன்மையும் அங்கே வாங்குவதில்லை. நம்முடைய கதீட்ரல் புனித அந்தோனியார் பேராலயம். த்ரீவீலர்காரரிடம் வெறுமனே டவுன் கோயில் என்று சொல்லாமல், கத்தோலிக்க அந்தோனியார் கதீட்ரல் என்று பெயரோடு சொல்லி ஏறுங்கள்.